குமிழ் ஏன் சோர்ந்து எரிகிறது? சுற்றை ஒரு பற்றரி, ஒரு தடையாகச் சுருக்கும் வழி

விசுவமடுப் பக்கம் எங்கள் வயலில் பன்றிக் காவலுக்கு ஒரு கொட்டில் இருக்கிறது. வீட்டுப் பற்றரியிலிருந்து 40 மீற்றர் தூரம் மெல்லிய வயர் இழுத்து, உழவு இயந்திரத்தில் கிடந்த 12 வோல்ற்று, 21 வாற்றுக் குமிழைப் பூட்டினோம். எரிந்தது, ஆனால் சோர்ந்துபோய். குமிழைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ற்று, பற்றரியில் உள்ள அதே அளவு. "வயரும் சரி, பற்றரியும் சரி, குமிழ்தான் பழுது" என்று சித்தப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதுக் குமிழும் அப்படியேதான் எரிந்தது.

இதற்கு விடை உயர்தரப் பௌதிகவியலில் வாய்ப்பாடாகப் பாடமாக்கிவிட்டு மறக்கிற தெவனின் தேற்றத்தில் இருக்கிறது. பற்றரிகளும் தடைகளும் உள்ளே எப்படிப் பின்னிக் கிடந்தாலும், வெளியே நீட்டிய இரண்டு முனைகளில் நின்று பார்க்கிறவருக்கு அது ஒரு பற்றரியும் அதனோடு தொடராக ஒரு தடையும்தான். பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் தெவனின் இதை 1883இல் வெளியிட்டார். ஜேர்மன் அறிவியலாளர் எல்ம்கோல்ற்சு 1853இலேயே சொல்லிவிட்டார், ஆனால் பெயர் தெவனினுக்குப் போய்விட்டது.

சரி, தாளும் பென்சிலும் எடுங்கள். 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்றைக் கீறுங்கள், அதன் அகத்தடையை (பற்றரிக்கு உள்ளேயே இருக்கும் தடையை) இப்போதைக்கு மறந்துவிடலாம். நேர் முனையிலிருந்து 4 ஓம் தடை, அது முடியும் இடத்தில் ஒரு சந்தி. சந்தியிலிருந்து 12 ஓம் தடை கீழே இறங்கி மறை முனைக்குப் போகட்டும். அதே சந்தியிலிருந்து 2 ஓம் தடை வலப்பக்கம் நீண்டு 'அ' என்ற முனையில் முடியட்டும். மறை முனைக் கம்பியின் வலப்பக்க நுனி 'ஆ'. குமிழோ மோட்டரோ, சுமை எதுவானாலும் அ, ஆவுக்கு இடையில்தான் வரும்.

முதற்படி, சுமையைக் கழற்றுங்கள். நிறையப் பேர் இதைச் செய்யாமலே கணக்குக்குள் இறங்கி மாட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது, திறந்து கிடக்கும் அ, ஆவுக்கு இடையிலான வோல்ற்றளவைக் காணுங்கள். 2 ஓமுக்குள் மின்னோட்டமே இல்லை, அதனால் அதில் வோல்ற்று இழப்பும் இல்லை, அதைத் தொடவே வேண்டாம். 12 வோல்ற்று 4க்கும் 12க்கும் இடையில் பங்கிடப்படுகிறது. 12 ஓமுக்குக் கிடைப்பது 12 × 12 ÷ 16, அதாவது 9 வோல்ற்று. இதுதான் புதுப் பற்றரி.

மூன்றாவதுதான் எல்லோரும் இடறும் இடம். பற்றரியைத் தாளில் அழித்து, அது இருந்த இடத்தில் வெறும் கம்பி கீறுங்கள் (தாளில் மட்டும், உண்மைப் பற்றரியின் முனைகளைக் கம்பியால் இணைத்தால் கை வெந்துவிடும்). இப்போது அ, ஆவில் நின்று உள்ளே பாருங்கள். 4உம் 12உம் தொடர்போலக் கீறியிருந்தாலும் உண்மையில் சமாந்தரம், ஏனென்றால் சந்தியிலிருந்து மறை முனைக்கு அவை இரண்டு தனித்தனி வழிகள். (4 × 12) ÷ (4 + 12), அதாவது 48 ÷ 16 = 3 ஓம். அதனோடு 2 ஓம் தொடராகச் சேர, மொத்தம் 5 ஓம்.

அவ்வளவுதான். 9 வோல்ற்று, 5 ஓம். 4 ஓம் சுமை போட்டால் 9 ÷ 9 = 1 அம்பியர். 13 ஓம் போட்டால் அரை அம்பியர். ஒவ்வொரு சுமைக்கும் கிர்க்கோப்பின் சமன்பாடுகளை (சந்திக்குச் சந்தி, தடத்துக்குத் தடம் எழுதும் சுற்றுச் சமன்பாடுகளை) முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. சந்தேகமென்றால் 4 ஓமைப் பழைய சுற்றிலேயே போட்டுப் பாருங்கள்: 2உம் 4உம் தொடராக 6, அந்த 6உம் 12உம் சமாந்தரமாக 4, அதோடு 4 சேர்ந்து 8, மொத்த ஓட்டம் 1.5 அம்பியர், அதில் சுமைக்குப் போவது 1 அம்பியர்தான்.

ஒரு விடயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். வெளியே ஒன்றுபோல் நடந்தாலும் உள்ளே ஒன்றல்ல. சுமை இல்லாதபோது பழைய சுற்றுக்குள் 0.75 அம்பியர் ஓடி 9 வாற்று வெப்பமாகப் போகிறது, புதுச் சுற்றில் ஒன்றுமே போகாது. ஆகவே பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று இதை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அப்புறம், உள்ளே இருவாயி (டயோட்டு) போல, வோல்ற்றளவுக்கு நேர் விகிதமாக ஓட்டம் கூடாத பாகங்கள் இருந்தாலும் இந்த வழி அப்படியே பொருந்தாது.

இனிக் கொட்டிலுக்கு வருவோம். உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் இரண்டு அளவீடு போதும், சுமை இல்லாமல் ஒன்று, சுமையோடு ஒன்று. ஆனால் 230 வோல்ற்று வீட்டு மின்னில் இந்த விளையாட்டு வேண்டாம்.

குமிழ் இல்லாமல் 12.6 வோல்ற்று. குமிழ் எரியும்போது 9.9 வோல்ற்று, ஓட்டம் 1.5 அம்பியர். வோல்ற்றளவில் இழந்தது 2.7, அதை 1.5ஆல் வகுத்தால் 1.8 ஓம், இதுதான் நம் 5 ஓமைப் போல உள்ளே இருக்கும் தடை. 21 வாற்றுக் குமிழுக்குக் கிடைத்தது 15 வாற்றுக்கும் சற்றுக் குறைவு. நாங்கள் இழுத்தது 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர். போக 40, வர 40 என்று 80 மீற்றருக்கு அதன் தடை மட்டுமே ஏறக்குறைய 1.8 ஓம். ஆக, பழி முழுக்க வயர்மேல்தான். ஓட்டம் இல்லாதபோது மீற்றர் 12.6 காட்டியதன் காரணமும் இதுதான், நம் கணக்கில் 2 ஓமைத் தொடாமல் விட்டோமே, அதே கதை.

2.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு மாற்றினோம், தடை 0.55 ஓமளவுக்கு இறங்கியது. பழைய குமிழையே திரும்பப் பூட்டினோம், மீற்றர் 11.7 காட்டியது. புதுக் குமிழ் உழவு இயந்திரத்துக்குப் போய்விட்டது.