வீட்டுப் பாதுகாப்புக்குச் செமி ஆட்டோ ஷாட்கன்: தோட்டாவில் இருந்து தொடங்குங்கள்

டெக்சாஸில் புதிதாக வீடு வாங்கிக் குடிபோகும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "வீட்டுப் பாதுகாப்புக்கு நம்பிக்கையான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் ஒன்று சொல்லுங்க, எந்த பிராண்ட் வாங்கலாம்?" பிராண்டுக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன்னால் உங்கள் விசா என்ன என்று பாருங்கள்.

ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 மாதிரியான தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மை, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் துப்பாக்கிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இதில் தவறினால் போவது துப்பாக்கி மட்டும் இல்லை, கிரீன் கார்டு வாய்ப்பும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு கையில் இருந்தால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். அந்தப் படிவத்தில் பொய் சொல்வது பெரிய குற்றம். வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் அப்படித்தான். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி கிடைத்தாலும் அதைப் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது மாநிலம். டெக்சாஸில் சாதாரணமாக வாங்குகிற அதே மாடல் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களில் சட்டவிரோதமாக இருக்கலாம். கைத்துப்பாக்கி மாதிரியான பிடி (பிஸ்டல் கிரிப்) இருக்கிறதா, தோளில் பதிக்கும் பின்கட்டையான ஸ்டாக் மடங்குமா, நீளுமா, மேகசினில் எத்தனை தோட்டா பிடிக்கும் என்று ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொன்றைப் பார்க்கிறது. இல்லினாயில் முன்கூட்டியே ஃபாய்டு கார்டு என்ற மாநிலத் துப்பாக்கி அடையாள அட்டை எடுத்திருக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் பணம் கட்டிய பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். குழலின் நீளம் மட்டும் எல்லா இடத்துக்கும் பொது: 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அது 1934-ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய தனி ரகம் ஆகிவிடும். அதனால்தான் கடையில் பார்க்கும் பாதுகாப்பு மாடல்கள் பெரும்பாலும் பதினெட்டரை அங்குலத்தில் நிற்கின்றன.

சரி, இப்போது துப்பாக்கி. பம்ப் ஆக்‌ஷனை விட்டுவிட்டு ஏன் செமி ஆட்டோ? பம்ப் ஆக்‌ஷனில் ஒவ்வொரு வெடிக்கும் கையால் முழுசாகப் பின்னிழுத்து முன்தள்ள வேண்டும், பதற்றத்தில் பாதி இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. இது பழகாத கைக்கு மட்டும் நடப்பதில்லை, நன்றாகப் பழகியவர்களுக்கும் நடக்கிறது. செமி ஆட்டோவில் அந்த வேலையை இயந்திரமே செய்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பம்ப் எந்தத் தோட்டாவையும் உங்கள் கைபலத்தில் வெளியே தள்ளிவிடும், செமி ஆட்டோ அந்தத் தோட்டாவின் சக்தியில்தான் ஓடுகிறது, சக்தி போதாவிட்டால் நடுவில் நின்றுவிடும். ஆகவே எந்தத் தோட்டாவைப் போடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு அதை ஓட்டக்கூடிய துப்பாக்கியைத் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வீட்டுக்கு 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு), இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா போதும். மூன்று அங்குல மேக்னம் தேவையே இல்லை, சுடும்போது தோளில் விழும் உதை கூடும், மேகசினில் எண்ணிக்கை குறையும். உள்ளே என்ன வகை என்றால் பெரிய குண்டுகள் நிரப்பிய பக்ஷாட், அதிலும் டபுள் ஆட் என்று சொல்லும் 00 பக்ஷாட். ஒவ்வொரு பால்ரஸ் குண்டும் சுமார் எட்டரை மில்லிமீட்டர் இருக்கும், ஒரு தோட்டாவில் எட்டு அல்லது ஒன்பது. பறவை வேட்டைக்கான, பொடிக் குண்டுகள் நிரப்பிய பேர்ட்ஷாட் சுவரைத் துளைக்காது, அதனால் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அதை நம்பாதீர்கள். ஒரு ஆளைத் தடுத்து நிறுத்தும் ஆழத்துக்கு அது நம்பகமாகப் போகாது, அதே நேரம் அமெரிக்க வீடுகளில் இருக்கும் மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவரைக் கிட்டத்தில் இருந்து அதுவும் துளைக்கத்தான் செய்யும். பக்ஷாட்டோ அந்தச் சுவர்களைப் பல அடுக்கு தாண்டிப் போகும். பிள்ளைகள் எந்த அறையில் தூங்குகிறார்கள், படுக்கையறைக் கதவில் இருந்து பார்த்தால் அந்த அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பகலில் நின்று பார்த்து வையுங்கள். எந்தத் தோட்டாவும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

ஷாட்கன் என்றால் குண்டு பரவும், குறி பார்க்கவே வேண்டாம் என்பதும் அதே மாதிரியான நம்பிக்கைதான். சாதாரண பக்ஷாட் தோராயமாக ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம் பரவும் என்பது பழைய கணக்கு, அப்படியானால் வீட்டுக்குள் ஐந்தாறு கஜத்தில் அது ஒரு கை அளவுதான். ஃபெடரல் நிறுவனத்தின் ஃபிளைட்கன்ட்ரோல் வகைத் தோட்டாவில் பரவல் அதைவிடவும் குறைவு. நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான், எல்லாக் குண்டும் நீங்கள் குறி வைத்த இடத்திலேயே சேரும், வேறெங்கும் சிதறாது. உதை குறைவாகத் தயாரித்த வகையும் அதில் உண்டு. அந்த மென்மையான தோட்டாவையும் தடுமாறாமல் ஓட்டுகிறதா என்பதுதான் ஒரு செமி ஆட்டோவுக்கு நீங்கள் வைக்க வேண்டிய முதல் சோதனை. சின்னதாக வரும் மினி தோட்டாக்களைத் தொடவே வேண்டாம், செமி ஆட்டோக்களில் அவை ஒழுங்காக ஓடாது.

செமி ஆட்டோக்களில் இன்று பெரிதாக இரண்டு குடும்பம். ஒன்று கேஸ் வகை: வெடித்த வாயுவில் கொஞ்சம் குழலின் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன், குழலின் பின்வாயை மூடி நிற்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளும். உதை கொஞ்சம் மென்மையாகத் தெரியும், ஆனால் உள்ளே கரி படியும், துடைக்க வேண்டும். இன்னொன்று இனர்ஷியா வகை, பெனெல்லி பிரபலப்படுத்தியது. துப்பாக்கி முழுசாகப் பின்னால் நகரும்போது கனமான போல்ட் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், நடுவில் உள்ள சுருள்வில் அழுந்தும், பிறகு அந்த வில் போல்ட்டை உதைத்துத் தள்ளும். உதிரிபாகம் குறைவு, உள்ளே சுத்தமாக இருக்கும், வாத்து வேட்டைக்காரர்கள் சேற்றிலும் குளிரிலும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

அப்படியிருந்தும் வீட்டுக்குக் கேஸ் வகையைத்தான் சொல்வேன். இனர்ஷியா துப்பாக்கி ஓட வேண்டுமானால் அது தாராளமாகப் பின்னால் நகர வேண்டும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? விளக்கு மாட்டுகிறார், பக்கவாட்டில் கூடுதல் தோட்டாக்களைச் செருகுகிறார், மேகசினை நீட்டுகிறார். எடை கூடக் கூட அந்த நகர்வு குறையும், அதோடு உதை குறைந்த தோட்டாவையும் சேர்த்தால் தகராறு தொடங்கும். தோளில் சரியாகப் பதியாமல், அல்லது எதிலாவது சாய்த்து வைத்துச் சுட்டாலும் இதே கதைதான். இன்னொன்றும் உண்டு. போல்ட்டை மெதுவாக விட்டாலோ எங்காவது இடித்துக்கொண்டாலோ அது முழுசாகத் திரும்பிப் பூட்டாமல் ஒரு மயிரிழை பின்தங்கி நிற்கலாம், விசையை அழுத்தினால் "கிளிக்" என்ற சத்தம் மட்டும் வரும். பெனெல்லி கிளிக் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இருட்டில் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நடக்கும் ஒருவருக்கு அது வேண்டாம்.

மாடல்களில் என் முதல் தேர்வு பெரெட்டா 1301 டாக்டிகல். கேஸ் வகை, எடை ஏறக்குறைய ஆறரை பவுண்டுதான், மென்மையான தோட்டாவையும் வேகமாக ஓட்டுகிறது, ஸ்டாக் குட்டையாக இருப்பதால் நம் உயரத்துக்கு ஒத்துவரும். அதைவிடப் பெயர் பெற்றது பெனெல்லி எம்4. 1999-இல் அமெரிக்க மரைன் படைக்காகத் தேர்வாகி எம்1014 என்ற பெயரில் சேவைக்குப் போனது, பெனெல்லியாக இருந்தாலும் இது இனர்ஷியா இல்லை, இரண்டு குட்டை பிஸ்டன் வைத்த கேஸ் வகை. உறுதியில் குறை சொல்ல முடியாது. ஆனால் கனம், விலையும் அதிகம், அது முழுபலத் தோட்டாவை மனதில் வைத்துச் செய்த துப்பாக்கி என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது மாஸ்பர்க் 940 புரோ டாக்டிகல், மூன்றில் விலை குறைந்தது. சேஃப்டி பொத்தான் மேலே கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இடதுகைக்காரருக்கும் வசதி, ஸ்டாக்கின் நீளத்தைப் பன்னிரண்டரையில் இருந்து பதினாலேகால் அங்குலம் வரை மாற்றலாம். வீட்டில் கணவன் மனைவி இருவரும் பயன்படுத்துவதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஸ்டாக் நீளமாக இருந்தால் உடம்பு பின்னால் வளையும், உதை தோளில் இல்லாமல் கையில் இறங்கும், அப்புறம் யாரும் பயிற்சிக்கே போக மாட்டார்கள்.

மலிவான பெட்டி மேகசின் மாடல்கள், ஏஆர் ரைஃபிள் மாதிரி தோற்றம் தருபவை, ஆன்லைனில் நிறையக் கிடைக்கும். தவிர்த்துவிடுங்கள். பழைய ரெமிங்டன் 1100 நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், நல்ல துப்பாக்கி, ஆனால் மேகசின் குழாயின் மேல் இருக்கும் ரப்பர் வளையத்தை உடனே மாற்றுங்கள், அது கிழிந்திருந்தால் வாயு கசிந்து துப்பாக்கி ஓடாது.

கூடுதலாக மாட்ட வேண்டியது ஒன்றே ஒன்று: நல்ல விளக்கு. நள்ளிரவில் சமையலறையில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனா என்று தெரியாமல் யாரும் குழலை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. விளக்கு மாட்டியிருந்தாலும் தேடிப் பார்ப்பதற்குக் கையில் தனி டார்ச் வேண்டும், துப்பாக்கி விளக்கால் தேடினால் பார்க்கும் ஒவ்வொருவர் மீதும் குழல் நீளும். இறக்குமதித் துப்பாக்கியில் நீள மேகசின் மாற்றுவதாக இருந்தால், வெளிநாட்டு உதிரிபாகங்களின் எண்ணிக்கைக்கு கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஆர்) என்ற பிரிவு வரம்பு வைத்திருக்கிறது, விசாரித்துச் செய்யுங்கள்.

வாங்கிய அன்றே அதை நம்பி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் இட்டு, ரேஞ்சுக்குக் கொண்டுபோய் இருநூறு தோட்டாவாவது சுடுங்கள். பெரும்பகுதி விலை குறைந்த பேர்ட்ஷாட்டாக இருக்கலாம், ஆனால் கடைசி ஐம்பது நீங்கள் வீட்டில் போட்டு வைக்கப் போகும் அதே பக்ஷாட், அதே பிராண்ட், விளக்கும் மற்றதும் மாட்டிய நிலையில். அந்த ஐம்பதில் ஒன்றுகூட சிக்கக் கூடாது. சிக்கினால் வேறு தோட்டாவை முயலுங்கள், அதிலும் சிக்கினால் துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள். வீட்டில் துப்பாக்கியைத் தொடப்போகும் மற்றவரும் அதே ஐம்பதில் பாதியைச் சுடட்டும், உங்கள் தோளில் ஓடுவது அவர் தோளில் ஓடாமல் போகலாம். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு வெடிகூட வேண்டாம், 12 கேஜ் 150 டெசிபலைத் தாண்டும். வீட்டில் உள்ள ஹாலில் இருந்து படுக்கையறை வரையான தூரத்தை அளந்து, அதே தூரத்தில் காகிதத்தில் சுட்டுப் பரவலைப் பாருங்கள்.

வீட்டில் வைக்கும்போது மேகசினில் தோட்டா இருக்கலாம், சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் குழல் அறை காலியாக இருக்கட்டும். பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி விசையை மட்டும்தான் தடுக்கிறது, கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிப்பதற்கு எதிராக அதை நம்ப முடியாது. விரலால் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டுப்பெட்டி ஒன்றைச் சுவரில் திருகி மாட்டுங்கள், குழந்தைகள் இல்லாத வீடானாலும் விருந்தினரின் குழந்தைகள் வருவார்கள். சத்தம் கேட்டால் துப்பாக்கியுடன் மாடிப்படி இறங்கி வீட்டைச் சோதிக்கப் போகாதீர்கள்: குடும்பத்தை ஒரே அறையில் சேருங்கள், கதவைப் பூட்டுங்கள், 911-ஐ அழையுங்கள், போலீஸ் வந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு நில்லுங்கள்.