பள்ளியோ வீடோ, பெற்றோர் உட்கார வேண்டிய நேரம்

வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று தோன்றினால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு. ஆனால் பதிவும் தேர்வும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன், விடுமுறையில் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். சோதனை பிள்ளைக்கு அல்ல, உங்களுக்கு: தினமும் குறித்த நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் பள்ளியே மேல்.

தொடக்க வகுப்புக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தாராளம். எட்டு பீரியடு போட்டு வீட்டைப் பள்ளியாக்கினால் சீக்கிரமே இருவருக்கும் சலித்துவிடும். 20 நிமிடம் கணக்கு, சற்று ஓய்வு, பிறகு வாய்விட்டு வாசிப்பு. தொடங்கும்போது நேற்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் மனதில் நிற்கும். நோட்டுகளில் தேதி போட்டு வையுங்கள். பின்னால் பள்ளியில் சேர்க்கும்போது அவைதான் பேசும்.

அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் மாலையில் 15 நிமிடம் வேண்டும். "வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்று கேட்பது கணக்கில் வராது. நோட்டைத் திறந்து பாருங்கள். 52-இல் 27 போக 35 என்று எழுதியிருக்கிறதா? அது கவனக்குறைவு அல்ல. 2-இலிருந்து 7 போகாது என்பதால் பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் தப்புதான் பழகும். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். பிறகு தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வையுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி 12. அதில் 7 போக 5. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை 25. பிள்ளையே கையால் பிரிக்க வேண்டும், நீங்கள் பிரித்துக் காட்டினால் பாதிப் பலன்தான்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "கடன் வாங்கிக் கழிக்கும்போது தடுமாறுகிறான், வகுப்பிலும் அப்படித்தானா?" என்று கேட்டால் பேச்சு வேலைக்கு வரும். வீட்டுப்பாடத்தில் நீங்கள் கைகொடுத்த கணக்குக்குப் பக்கத்தில் 'உதவியோடு' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.