"சி.பி. 0.1, 66% ஹெட்": முதல் பல்லி, முதல் சிலந்தி வாங்கும் முன் தெரிய வேண்டிய சொற்கள்

பிரிட்டனில் ஊர்வன விற்கும் கடைகளிலும் வளர்ப்பாளர்கள் கூடும் சந்தைகளிலும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் மேல் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "லெப்பர்ட் கெக்கோ, சி.பி., 0.1, 66% ஹெட் டிரெம்பர் அல்பினோ." பிள்ளை அடம்பிடித்ததால் வந்த பெற்றோர் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். லெப்பர்ட் கெக்கோ நன்றாக வளர்த்தால் 15, 20 வருடம் இருக்கும் பல்லி. லண்டனில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் வாங்கும் முன் என்னிடம் கேட்டால், முதலில் அந்தச் சீட்டைத்தான் படிக்கச் சொல்லிக்கொடுப்பேன்.

சி.பி. என்றால் வளர்ப்பிடத்திலேயே இணைசேர்த்துப் பிறந்தது. டபிள்யூ.சி. என்றால் காட்டிலிருந்து பிடித்தது. இடையில் சி.எஃப். என்று ஒன்று உண்டு. பண்ணையில் பொரித்தது என்று பொருள், ஆனால் பல நேரம் காட்டில் சினையோடு பிடித்த தாயின் குஞ்சுகளையும் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். எல்.டி.சி. என்பது காட்டில் பிடித்து நெடுநாள் கூண்டில் பழகியது. முதல் விலங்கு கண்டிப்பாக சி.பி. ஆக இருக்கட்டும். காட்டில் பிடித்தது குடற்புழுவோடு வரும், பயத்தில் தின்ன மறுக்கும், புதியவர் கையில் பெரும்பாலும் பிழைக்காது. இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். கூட்டி சஃபையர் என்று உலகமெங்கும் விற்கும் நீலநிற டரான்டுலா நம் பக்கத்து ஆந்திராவின் சிலந்தி. 1899இல் பெயரிடப்பட்ட இந்த இனம் மிகச் சிறிய காட்டுப் பகுதியில்தான் மிஞ்சியிருக்கிறது. 2019இல் அதன் பேரினம் முழுவதையும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கே பிறந்தது, யார் பொரித்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: நட்சத்திர ஆமையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சரி, அடுத்து 0.1. புள்ளிக்கு முன்னால் ஆண், பின்னால் பெண், மூன்றாவது எண் இருந்தால் பால் தெரியாதவை. 1.2 என்றால் ஓர் ஆண், இரண்டு பெண். 0.0.3 என்றால் மூன்று குஞ்சுகள், எதுவென்று இன்னும் தெரியாது. இரண்டு ஆண் லெப்பர்ட் கெக்கோக்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு ஒன்று போதும்.

மார்ஃப் என்பது பரம்பரையாக வரும் நிற வகை; சீட்டில் இருந்த டிரெம்பர் அல்பினோ அப்படி ஒன்று. ஹெட் என்றால் அந்த நிறத்துக்கான மரபணு ஒன்று உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. இரண்டு ஹெட்களைச் சேர்த்தால், சாதாரணமாகத் தெரியும் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்க வாய்ப்பு, அதுதான் 66%. வளர்க்க மட்டும் வாங்குபவர் இதற்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். எனிக்மா மார்ஃபில் நரம்புக் கோளாறு வரும்; பல்லி தலையைச் சாய்த்து வட்டமடிக்கும். லெமன் ஃப்ராஸ்டில் தோல் கட்டிகள் வரும். அழகாக இருக்கிறதே என்று இவற்றை வாங்க வேண்டாம்; வாங்க ஆள் இருக்கும்வரை பொரித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே பெட்டி தயாராக வேண்டும். இந்த விலங்குகள் உடம்பு வெப்பத்தை வெளியிலிருந்துதான் எடுக்கின்றன. அதனால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி வேண்டும். இதைத்தான் கிரேடியன்ட் என்கிறார்கள். சூடான பக்கத்தில் விலங்கு படுக்கும் இடம் பாஸ்கிங் ஸ்பாட். லெப்பர்ட் கெக்கோவுக்கு அங்கே தரையின் சூடு 32 டிகிரி செல்சியஸ் அளவிலும், குளிர்ந்த பக்கம் 24, 25 அளவிலும் இருக்கட்டும். சூட்டுப்பாயோ விளக்கோ எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டாதீர்கள். வயிறு வெந்த பல்லிகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாமல், கம்பி முனையைத் தரையில் வைத்து அளக்கும் வகையை வாங்குங்கள்.

ஹைட் என்பது ஒளிந்துகொள்ளும் இடம். சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, ஈரப்பாசி போட்டது ஒன்று என்று மூன்று வையுங்கள். ஈர ஹைட் இல்லாவிட்டால் சட்டை உரிக்கும்போது தோல் விரல்களில் சிக்கி, ரத்த ஓட்டம் நின்று, விரலே விழுந்துவிடும். சிக்கினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிற்கவிட்டு, ஈரப்பஞ்சால் மெதுவாகத் தள்ளுங்கள்.

உணவில் இரண்டு சொற்கள் உயிர் காக்கும். கட்லோடிங்: பூச்சியைப் பல்லிக்குப் போடுவதற்கு முன் ஒரு நாளாவது அந்தப் பூச்சிக்குக் கீரை, கேரட் கொடுத்துக் கொழுக்க வைப்பது. டஸ்டிங்: பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டுவது. இரையாகப் போடும் கிரிக்கெட் பூச்சியிலும் மீல்வார்ம் என்ற புழுவிலும் பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகக் குறைவு. பொடியும் டி3 வைட்டமினும் யு.வி.பி. என்ற புற ஊதா வெளிச்சமும் இல்லாமல் போனால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். எம்.பி.டி. என்ற எலும்பு நோய் இதுதான். தாடை ரப்பர்போல் வளையும், கால் கோணும், நடுங்கும். பார்த்த அன்றே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். கோணிய எலும்பு நேராகாது, ஆனால் உயிரைக் காப்பாற்றலாம். ஜன்னல் வெயில் போதாதா என்று கேட்பார்கள். போதாது, சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும்.

ஆக்சலாட்டல் என்ற, நீரிலேயே வாழும் சலமாண்டரைக் கேட்கும் பிள்ளைகளுக்கு சைக்ளிங் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். தொட்டியில் நல்ல பாக்டீரியா வளர்ந்து, நச்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை பல வாரம் காத்திருந்து, அப்புறம்தான் விலங்கை விட வேண்டும். தண்ணீரும் 16 முதல் 18 டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

டரான்டுலா குஞ்சுக்கு ஸ்லிங் என்று பெயர். சட்டை உரிப்பதற்கு முந்தைய நிலை பிரீமோல்ட்: தின்னாது, வயிறு உப்பிக் கருக்கும். பிறகு ஒருநாள் மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டவர்கள் உண்டு. தொடாதீர்கள், உயிருள்ள பூச்சி உள்ளே இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். உரித்து முடித்த பின் கடிபற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை கருத்த பின்தான் இரை. நியூ வேர்ல்ட் என்று எழுதியிருந்தால் அமெரிக்கக் கண்டங்களின் இனம். பெரும்பாலானவை அரிக்கும் முடியை உதிர்க்கும். ஓல்ட் வேர்ல்ட் என்ற ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த முடி இல்லை, விஷம் கடுமை, வேகமும் அதிகம். கூட்டி சஃபையர் அந்த வகை. முதல் சிலந்தியாக அது வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே விலங்கு இருந்தால், புதிதாக வந்ததை வேறு அறையில், தரையில் வெறும் டிஷ்யூ பேப்பர் விரித்து, இரண்டு மூன்று மாதம் தனியாக வைப்பது குவாரண்டீன். அதற்கு இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனி. பழைய விலங்குகளைக் கவனித்து முடித்த பிறகே இதைத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஏனென்றால் ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவற்றிடமும் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அது வளரும்வரை வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.