எட்சியை கிட்டில் வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் லினக்ஸ் சர்வர் ஓடும் இடங்களில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அநேகமாக அங்கே இருக்க மாட்டார். கோத்தகிரிப் பக்கம் தேயிலை பேக்டரியில் பச்சை இலை எடையைப் பதியும் பெட்டி, குன்னூர்ப் பள்ளி அலுவலகத்தில் ஒரு சர்வர், மசினகுடி ரிசார்ட்டில் வைஃபை கேட்வே என்று நாலைந்து இடங்களை ஊட்டியிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவரே, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) வழியாகக் கவனித்துக்கொள்வார். போன மழைக்காலத்தில் ஃபயர்வாலில் எந்த வரியைச் சேர்த்தோம், ஏன் சேர்த்தோம் என்பது அவருக்கே மறந்திருக்கும். அதனால் லினக்ஸின் அமைப்புக் கோப்புகள் (கான்ஃபிக்) இருக்கும் எட்சி (/etc) அடைவை, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் குறித்துவைக்கும் கிட் (Git) கருவியில் போடுகிறார். நல்ல காரியம்தான். ஆனால் போட்ட கையோடு எட்சியையும் ஒரு புரோகிராம் கோடு அடைவாகவே நடத்த ஆரம்பித்துவிடுகிறார். தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கோடு என்றால் வரிகள் சரியாக இருந்தால் போதும். எட்சியில் வரிகள் பாதிக் கதைதான். அந்தக் கோப்பு யாருடையது, யாரெல்லாம் அதைப் படிக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் எந்தப் பதிப்பைப் படித்து வைத்திருக்கிறது, இது எந்த இயந்திரம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கான்ஃபிக். கிட் காப்பது வரிகளை மட்டுமே.

பெர்மிஷனை கிட் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

ஒரு கோப்பை இயக்கலாமா கூடாதா என்ற ஒரே ஒரு பிட்டைத்தான் கிட் குறித்துவைக்கும். உரிமையாளர், குழு, யார் படிக்கலாம் யார் எழுதலாம் என்று சொல்லும் 0640, 0600, 0440 போன்ற பெர்மிஷன் எண்கள் எதுவும் அதற்குத் தெரியாது. டெபியன் லினக்ஸில் பயனர்களின் பாஸ்வேர்டு ஹாஷ்களை (உருமாற்றிய வடிவங்களை) வைத்திருக்கும் ஷேடோ கோப்பு 0640. ரூட்டும் (முழு அதிகாரம் கொண்ட கணக்கு) ஷேடோ குழுவும் மட்டுமே படிக்கலாம். எஸ்எஸ்எச் சர்வரின் தனிச்சாவிகள் 0600. பழைய பதிப்பு வேண்டுமென்று கிட் செக்அவுட் கொடுத்தால் கிட் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதும். புதுக் கோப்பின் பெர்மிஷனை முடிவுசெய்யும் யூமாஸ்க் வழக்கமான 022 என்றால் அது 0644 ஆகப் பிறக்கும், அதாவது அந்த இயந்திரத்தில் இருக்கும் எல்லோரும் படிக்கலாம்.

எஸ்எஸ்எச் சாவிக்கு இப்படி நேர்ந்தால் சர்வர் அந்தச் சாவியைத் தொடவே மறுக்கும். எல்லாச் சாவிகளுக்கும் நேர்ந்தால் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச் சர்வர் நிரல்) எழும்பாது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் மட்டும் உயிரோடு இருக்கும். அதை மூடிவிட்டால் மசினகுடிக்குப் போக கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்க வேண்டியதுதான். ஷேடோ கோப்புக்கு நேர்வது இதைவிட மோசம். அங்கே எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் வழக்கம்போல ஓடும், பாஸ்வேர்டு ஹாஷ்கள் மட்டும் திறந்து கிடக்கும்.

இதற்குத்தான் எட்சிகீப்பர். ஜோயி ஹெஸ் 2007இல் எழுதியது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் பேக்கேஜாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றங்களை கிட் வரலாற்றில் பதிவதற்கும்) முன்பு கோப்புகளின் உரிமையையும் பெர்மிஷனையும் ஒரு மறைகோப்பில் எழுதிவைக்கும். கிட் கண்டுகொள்ளாத காலி அடைவுகளையும் அதிலேயே குறித்துக்கொள்ளும். எதையாவது பின்னுக்குக் கொண்டுவந்தால் உடனே எட்சிகீப்பர் இனிட் ஒருமுறை ஓட்டுங்கள். குறிப்பில் இருந்த பெர்மிஷன்கள் திரும்ப வந்து உட்காரும். பலர் கருவியை நிறுவிவிட்டு இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன் போன்ற பேக்கேஜ் நிறுவும் கருவிகளோடும் எட்சிகீப்பர் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. பேக்கேஜ் நிறுவுவதற்கு முன்னால், மிச்சமிருக்கும் உங்கள் மாற்றங்களைத் தனியாக கமிட் செய்யும். நிறுவிய பிறகு பேக்கேஜ் செய்த மாற்றங்களைத் தனியாக கமிட் செய்யும். வெறும் கிட்டில் இந்த இரண்டும் ஒரே மூட்டையில் விழும். அப்கிரேடு ஒன்றை மட்டும் பின்வாங்க வேண்டிய நாளில்தான் அதன் வலி தெரியும்.

எட்சிகீப்பர் இல்லாமல் வெறும் கிட் இனிட் கொடுத்து ரிப்போ (கிட் வரலாறு இருக்கும் இடம்) தொடங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கிட்டின் மறை அடைவு வழக்கமாக 0755 ஆக உருவாகும். ஷேடோ கோப்பையே நீங்கள் 0640இல் பத்திரமாக வைத்திருந்தாலும் அதன் நகல் உள்ளே எல்லோரும் படிக்கும்படி இருக்கும். எட்சிகீப்பர் அந்த அடைவை 0700 ஆக்கிவிடும். கைமுறையாகச் செய்தவர்கள் இன்றே மாற்றுங்கள்.

ஸ்டாஷ், கிளீன், பிராஞ்ச்

ஸ்டாஷ் முடியாத மாற்றங்களை ஒதுக்கிவைக்கும், கிளீன் கிட்டில் சேராத கோப்புகளை அழிக்கும், பிராஞ்ச் என்பது கோப்புகளின் வேறொரு கிளைப் பதிப்பு. இவை மூன்றும் லேப்டாப்பில் நல்ல பிள்ளைகள். எட்சியில் ஆபத்து. அங்கே நீங்கள் பிராஞ்ச் மாறினால் மாறுவது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் அமைப்பு. ஸ்டாஷ் செய்து வைத்திருக்கும் இரண்டு நிமிடத்துக்குள் பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டோ, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானோ ஒரு சர்வீஸை ரீலோடு செய்தால் அது படிப்பது பழைய வரிகளை.

கிட் கிளீன் இவற்றில் கொடியது. சாவிகளும் சான்றிதழ்களும் ரிப்போவுக்குள் போகக் கூடாது என்று அக்கறையாக இக்னோர் பட்டியலில் சேர்த்திருப்பீர்கள். எக்ஸ் ஆப்ஷனோடு கிளீன் ஓட்டினால், இக்னோர் செய்தவை எல்லாமே குப்பை என்று நினைத்து அவற்றையும் அழிக்கும். அவை எந்த கமிட்டிலும் இல்லை. மீட்க வழியில்லை.

என் கருத்தில் எட்சியில் கிட்டை முன்னோக்கி மட்டுமே நகர்த்த வேண்டும். பழைய வரி வேண்டுமா, அந்த ஒரு கோப்பின் பழைய பதிப்பை எடுத்துப் பார்த்து, தேவையானதை எழுதி, அதைப் புது கமிட்டாகப் போடுங்கள். பரிசோதனை செய்ய ஆசையா, குளோன் எடுத்து லேப்டாப்பில் செய்யுங்கள்.

ரகசியங்கள்

எட்சியில் ரகசியம் என்றால் எல்லோருக்கும் ஷேடோ கோப்பு நினைவுக்கு வரும். நெட்வொர்க் மேனேஜர் வைஃபை பாஸ்வேர்டுகளை வெளிப்படையான எழுத்தில் எழுதிவைத்திருப்பது நினைவுக்கு வராது. மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் வெளி மெயில் சர்வரில் நுழையும் பாஸ்வேர்டு, வயர்கார்டு விபிஎன் சாவி, லெட்ஸ் என்க்ரிப்ட் தந்த சான்றிதழின் தனிச்சாவி, பிராட்பேண்டுக்கான பிபிபி பயனர் விவரம், இவையும் அங்கேதான். "பிரைவேட் ரிப்போதானே" என்று வெளித்தளம் ஒன்றுக்கு அப்படியே புஷ் செய்பவர்கள் (நகல் அனுப்புபவர்கள்) உண்டு. நாளை அதே ரிப்போவுக்கு இன்னொருவரை அழைக்கும்போது ரிசார்ட்டின் மெயில் பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

தெரிந்தபின் செய்யும் தவறு இன்னும் சுவாரசியமானது. கோப்பை நீக்கி, நீக்கியதை கமிட் செய்து, நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. வரலாற்றை மாற்றி எழுத கிட் ஃபில்டர் ரிப்போ என்ற கருவி உண்டு. ஆனால் முதல் வேலை அது இல்லை. முதல் வேலை பாஸ்வேர்டையும் சாவியையும் மாற்றுவது. பொதுவில் விழும் ரிப்போக்களில் சாவி தேடும் நிரல்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வரலாற்றைத் துடைத்து முடிப்பதற்குள் நகல் எடுக்கப்பட்டிருக்கலாம்.

எட்சிகீப்பர் தானாக எங்கும் புஷ் செய்யாது. புஷ் ரிமோட் என்ற வரி காலியாகத்தான் வரும். அதை நிரப்பினால் உங்கள் கையில் இருக்கும் இன்னொரு இயந்திரத்தில், டிஸ்க் என்க்ரிப்ட் செய்த இடத்தில், வரலாறு மட்டும் இருக்கும் ஒரு பேர் (bare) ரிப்போவுக்கு எஸ்எஸ்எச் வழியாக அனுப்புங்கள். வெளித்தளம்தான் வேண்டுமென்றால் ரகசியக் கோப்புகளை இக்னோர் செய்துவிட்டு, அவற்றுக்குத் தனி பேக்கப் வையுங்கள்.

கமிட் ஆனால் வேலை முடிந்தது என்று நினைப்பது

இங்கேதான் மலைக்காரர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கமிட் என்பது கோப்பு இப்படி இருந்தது என்பதற்கான சாட்சி. அது சரியா என்பதற்கோ, சர்வீஸ் அதைப் படித்ததா என்பதற்கோ சாட்சி அல்ல. பிழையான வரியையும் கிட் மரியாதையாக வாங்கி வைத்துக்கொள்ளும். ரீலோடு செய்யாதவரை பழைய அமைப்பே ஓடும். ஆறு மாதம் கழித்து ஆடி மழையில் கரண்ட் போய் வரும்போதுதான் புது வரியை முதன்முறையாக யாரோ படிப்பார்கள். அதை எழுதியது ஜனவரியில் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

ஆகவே சோதனை கமிட்டுக்கு முன்னால் வர வேண்டும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கும் எஸ்எஸ்எச்டிக்கும் மைனஸ் டி (-t), ரூட் அதிகாரம் தரும் சூடோவுக்கு விசூடோ மைனஸ் சி (-c), டிஎன்எஸ் சர்வரான பைண்டுக்கு நேம்டு செக்கான்ஃப் (named-checkconf), டிஎன்எஸ்மாஸ்க்குக்கு டெஸ்ட் ஆப்ஷன் (--test) என்று எல்லோருக்கும் ஒரு கட்டளை இருக்கிறது. அதை, கமிட்டுக்கு முன் தானாக ஓடும் கிட்டின் ப்ரீ கமிட் ஹூக்கில் சேர்த்துவிடுங்கள்.

இயந்திரம் எழும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேக்கப்புக்காக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, எஃப்எஸ்டேபில் ஒரு வரி சேர்த்து, அழகான கமிட் செய்தியும் எழுதியிருப்பீர்கள். பேக்டரியில் யாரோ மேசையைத் துடைக்கும்போது டிஸ்க்கைக் கழற்றிவைப்பார்கள். ஒன்றும் ஆகாது, கரண்ட் போய் வரும்வரை. திரும்ப எழும்போது, சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்து, வராவிட்டால் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். அங்கே நெட்வொர்க் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை. கணக்குப்பிள்ளை போன் செய்வார்: "தம்பி, மெஷின் வரவே மாட்டேங்குதுங்க. கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஏதோ எழுதி நிக்குது." போனிலேயே வழி சொல்லலாம் என்றால் உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருக்கும், கன்சோலும் திறக்காது. வெளியே இலை ஏற்றிவந்த வண்டிகள் எடை போட நிற்கும்.

அந்த வரியில் நோஃபெயில் என்ற ஒரு சொல் இருந்திருந்தால் டிஸ்க் இல்லாமலே இயந்திரம் எழுந்திருக்கும். ஃபைண்டுமவுண்ட் கட்டளையில் வெரிஃபை ஆப்ஷன் கொடுத்தால் எழுத்துப் பிழையும் தவறான யூயூஐடியும் (டிஸ்க்கின் அடையாள எண்) அப்போதே தெரியும். ஆனால் நாளை டிஸ்க்கைக் கழற்றப் போகிறவரை அது அறியாது. வேர் அடைவைத் தவிர, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடிய எல்லா டிஸ்க்குக்கும் நோஃபெயில் போடுவதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது நெட்பிளான் ட்ரை (netplan try) கட்டளை கொடுங்கள். நீங்கள் 120 நொடிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் தானே பழையபடி திரும்பிவிடும். ஃபயர்வாலுக்கு அந்த வசதி இல்லையென்றால், பழைய விதிகளைத் திரும்ப ஏற்றும் வேலையை ஏட் (at) கட்டளையால் பத்து நிமிடத்துக்குப் பிறகு என்று முதலில் திட்டமிட்டுவிட்டு, பிறகு கை வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்து செய்துவிட்டு கமிட் போடலாம். கணினி அருகில் இருப்பவருக்கு இது அதிகப்படியாகத் தோன்றும். பர்லியாறு அருகே மரம் விழுந்து சாலை அடைத்த நாளில் தோன்றாது.

சில்லறைத் தவறுகள்

கிட் வந்தபிறகும் பழக்கம் விடாமல் பேக், ஓல்டு என்று பின்னொட்டு வைத்து நகல் எடுப்பவர்கள் உண்டு. சூடோயர்ஸ் (sudoers.d) துணை அடைவில் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ கண்டுகொள்ளாது, பிழைத்தோம். டெபியனின் என்ஜின்எக்ஸ் அப்படியில்லை. சைட்ஸ் எனேபிள்டு அடைவில் எது கிடந்தாலும் படிக்கும். நகலும் அசலும் ஒரே டீஃபால்ட் சர்வராக மோதி, என்ஜின்எக்ஸ் எழ மறுக்கும்.

விண்டோஸில் திருத்தி அனுப்பும் கோப்புகளில் வரி முடிவில் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, கிரான் வரியில் வந்தால் கட்டளை ஓடாது.

கமிட் செய்தியில் "அப்டேட்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். என்ன மாறியது என்பதை டிஃப் (வித்தியாசப் பட்டியல்) காட்டிவிடும், ஏன் என்பதைக் காட்டாது. "பிராட்பேண்ட் லைன் போனால் டாங்கிளுக்கு மாற ரூட் மெட்ரிக் 600, லைன் சரியானதும் தானே திரும்பும்" என்று தமிழிலேயே எழுதலாம், கிட்டுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. இரண்டு பேர் ரூட்டாக நுழையும் இடத்தில் நேரடி ரூட் லாகினை விட்டு சூடோ வழியாக வரச் சொல்லுங்கள். எட்சிகீப்பர் அப்போது உண்மையான ஆளின் பெயரை கமிட்டில் போடும்.

இன்னொரு இயந்திரத்தில் அப்படியே இறக்குவது

ஒரு காட்டேஜுக்குச் சரியாக அமைந்த எட்சி ரிப்போவை அடுத்த காட்டேஜின் புதுப் பெட்டியில் குளோன் செய்தால் அரை நாள் மிச்சம் என்று தோன்றும். எஃப்எஸ்டேபில் இருக்கும் யூயூஐடிகள் பழைய டிஸ்க்குடையவை. மெஷின் ஐடி கோப்பு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாக இருக்க வேண்டியது. ஒன்றாக இருந்தால், ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி இரண்டுக்கும் ஒரே ஐபி கொடுத்துத் தடுமாறலாம். எஸ்எஸ்எச் சாவிகள் ஒன்றே என்றால், ஒன்றை உடைத்தவர் மற்றதாக நடிக்கலாம். பாஸ்வேர்டு கோப்பில் உள்ள பயனர் எண்களும் புதுப் பெட்டியின் கோப்புகளோடு ஒத்துப்போகாது. எட்சி ரிப்போ ஒரு இயந்திரத்தின் வரலாறு. பல இயந்திரங்களுக்கும் பொதுவானதை அன்சிபிள் போன்ற கருவியில் தனி ரிப்போவாக எழுதி, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் அனுப்புவதுதான் முறை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அன்சிபிள் மாற்றியதை எட்சிகீப்பர் குறித்துக்கொள்ளும்.

எட்சி மட்டுமே போதும் என்பது

ரிப்போ இருப்பது அதே டிஸ்க்கில். இடி இறங்கி டிஸ்க் போனால் வரலாறும் சேர்ந்து போகும். ராஸ்பெர்ரி பையில் ஓடுகிறது என்றால் இடியே தேவையில்லை, எஸ்டி கார்டு போதும். இன்னொரு இயந்திரத்துக்குப் புஷ் செய்யாதவரை அதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிரான்டேப் கட்டளையால் பயனர்கள் எழுதும் வேலைகள் எட்சியில் இல்லை. டெபியனில் அவை வார் (/var) அடைவுக்குள் ஸ்பூலில் இருக்கின்றன. கைமுறையாக நிறுவிய மென்பொருளின் அமைப்பு யூஎஸ்ஆர் லோக்கலில் (/usr/local) இருக்கலாம். நிறுவப்பட்ட பேக்கேஜ் பட்டியலும் எட்சியில் தானாக வராது. இரவு ஒரு கிரான் வேலை, டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜியின் கெட் செலக்‌ஷன்ஸ் தரும் பட்டியலையும் பயனர்களின் கிரான்டேபுகளையும் எட்சிக்குள் ஒரு தனி அடைவில் எழுதிவைக்கட்டும். எட்சிகீப்பரின் தினசரி கமிட் அதையும் சேர்த்துக்கொள்ளும். அந்த அடைவுக்கு 0700 கொடுக்க வேண்டும், ஏனென்றால் கிரான் வரிகளிலும் பாஸ்வேர்டு எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.