குறட்டை விடும் சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

மருந்தும் உணவும் ஒழுங்காக இருந்தும் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் இறங்க மறுத்தால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதோடு இரவு உறக்கத்தையும் விசாரிப்பது நல்லது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதே மூச்சுத்தடை; அப்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை உடலை அரைகுறையாக எழுப்புகிறது. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறுவதால் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது.

குறட்டை விடுபவருக்கு இது தெரிவதில்லை என்பதால் முதலில் அருகில் படுப்பவரைக் கேளுங்கள். தனியாகப் படுப்பவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்கலாம். பலத்த குறட்டை திடீரென நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ நிசப்தம் நிலவி, பிறகு திணறலுடன் மூச்சு திரும்பினால், அந்தப் பதிவை அப்படியே மருத்துவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்து, 'ஸ்டாப்-பேங்' என்னும் எட்டுக் கேள்விகளுக்கு விடை காணுங்கள். பலத்த குறட்டை, பகல் சோர்வு, பிறர் கண்ட மூச்சுநிறுத்தம், இரத்த அழுத்தம், உடல் நிறை குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பவற்றில் மூன்றுக்கு 'ஆம்' என்றால் பரிசோதனை தேவை. நம்மவர்களுக்கு உடல் நிறை குறியீடு 25-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று கொள்வதால், 35 இல்லையே என்று நிம்மதி அடைவது சரியன்று.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதை எல்லோரும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்; மூச்சுத்தடையும் அதற்குக் காரணமாகலாம். நள்ளிரவில் வியர்த்து விழிப்பவர், குறிப்பாக இன்சுலின் போடுபவர், அப்போதே குளுக்கோமீட்டரில் பாருங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொண்டு, மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

உறக்கப் பரிசோதனையைப் பலருக்கு வீட்டிலேயே செய்யலாம்: விரலில் ஆக்சிஜன் கருவி, மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பட்டை. ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 5 முதல் 15 முறை வரை எனில் லேசானது, 30-ஐ எட்டினால் கடுமையானது.

மூச்சுத்தடை கடுமையாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சிபாப் கருவி தரப்படும்; இது முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். அதை அணிந்தவுடன் சர்க்கரை இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆய்வுகளின் முடிவுகள் இதில் ஒன்றுபோல் இல்லை. பகல் தூக்கம் குறைவதும் இரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவதும்தான் உறுதியான பலன்கள். முகமூடி ஓரத்தில் காற்று கசிந்தால், அதைக் கழற்றி வைத்துவிடாமல் அளவை மாற்றிக் கேளுங்கள். இரண்டு நோய்களுக்கும் ஒருசேரப் பயன் தருவது எடைக் குறைப்பே. உடற்பருமனுடன் கூடிய மூச்சுத்தடைக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதை மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துவதால் இரவில் அறவே வேண்டாம்.

எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து நிபுணரிடம் இந்தத் தொல்லையை முன்கூட்டியே சொல்லி, கருவியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.