நாடகப் பள்ளிக்கு முன் ஒரு பகுதிநேர ஆண்டு: எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரியின் நடிப்புப் பட்டப்படிப்பும், நாடகக் கலைஞர்கள் குவோ பாவ் குன்னும் த. சசிதரனும் 2000இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்திலிருந்து வளர்ந்த இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்டின் படிப்பும் மூன்றாண்டு முழுநேரப் படிப்புகள். அவற்றில் சேர்வதற்கான நடிப்புத் தேர்வு (ஆடிஷன்) நாளுக்கு 9, 10 மாதம் முன்பே பகுதிநேர அடிப்படைப் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் பலர் தொடக்கப்பள்ளிப் பேச்சுப்போட்டி மேடையிலிருந்து வருகிறார்கள். கூச்சம் இருக்காது. ஆனால் வாக்கியம் முடியும்போதெல்லாம் குரல் ஒரே ராகத்தில் ஏறும், கை தானாக உயரும். அந்த ராகத்தை இறக்கி வைப்பதுதான் இந்த ஆண்டின் பெரிய வேலை.

1. வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

வகுப்பில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். இரண்டரை மணி நேர வகுப்பில் உடல் தயாரிப்புக்கு அரை மணி போனால் மிஞ்சுவது 120 நிமிடம். 20 பேர் என்றால் ஆளுக்கு 6 நிமிடம். 12 பேர் என்றால் 10. குரல், உடலசைவு, உடனடி நடிப்பு, பிரதி (நாடக வசன உரை) வாசிப்பு நான்கும் பாடத்தில் இருக்க வேண்டும். "கேமரா முன் நடிப்பு" மட்டும் என்றால் அது வேறு பயிற்சி.

வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு சனிக்கிழமை போதும். தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவை) ஸ்டே-இன் பிரிவில், அதாவது முகாமிலேயே தங்கி, இருப்பவர்கள் வார இறுதி வகுப்பை மட்டும் எடுங்கள். புக்-அவுட் (முகாமை விட்டு வெளியே விடும்) நேரத்தை நம்பி வார நாள் வகுப்புக்குப் பணம் கட்டினால் பாதி வகுப்பு போய்விடும்.

கறுப்பு டீ-சட்டை, டிராக் பேன்ட், வெறுங்கால். வளையல், சங்கிலி வீட்டில் இருக்கட்டும். குறிப்பெடுக்கப் பென்சில், பிரதியில் போட்ட குறி வாராவாரம் மாறும்.

2. மூச்சும் குரலும், தினமும் 20 நிமிடம்

தரையில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். பாதம் தரையில் பதியட்டும், தலைக்கடியில் மெல்லிய புத்தகம். கையை வயிற்றில் வைத்து மூக்கால் மூச்சிழுங்கள். வயிறு எழ வேண்டும், தோள் எழக்கூடாது. "ஸ்ஸ்" என்று சீராக விட்டுக்கொண்டே 15 வரை எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு எண் கூட்டி 25 வரை போகலாம். ஒலி நடுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். கடைசி இரண்டு எண்ணுக்காகக் கழுத்தை இறுக்கினால், பேசும்போதும் கழுத்தே வேலை செய்யும். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாருக்காகக் குசுகுசுத்துப் பழகாதீர்கள். குசுகுசுப்பும் தொண்டையைச் சோர்வாக்கும். தண்ணீர்ப் புட்டியில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழம் விட்டு, "ஊ" என்று ஒலியெழுப்பியபடி குமிழி விடுங்கள். சத்தமும் வராது, குரலும் இளகும். இரண்டு நிமிடம் போதும்.

பிறகு உச்சரிப்பு. "ல"வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொடும். "ள"வுக்குப் பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். "ழ"வுக்கு வளையும், தொடாது. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்" என்பதை முதல் வாரம் ஆமை வேகத்தில் சொல்லுங்கள். வேகமாகச் சொல்லி "ழ"வையும் "ல"வையும் ஒன்றாக்குவதில் பயனில்லை.

3. கேட்கப் பழகுதல்

எதிரே ஒருவரை உட்கார வையுங்கள். அவர் "நீ நீலச் சட்டை போட்டிருக்கே" என்றால் நீங்கள் "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் அதே வரி. தொனியை நீங்களாக மாற்றாதீர்கள். எதிராளியின் முகம் மாறும்போது உங்கள் தொனியும் மாறும். சலிப்பாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

4. தனிமொழி

தனிமொழி என்பது நாடகத்தில் ஒரு பாத்திரம் மட்டும் தொடர்ந்து பேசும் பகுதி. பல பள்ளிகள் தேர்வில் அப்படி மாறுபட்ட இரண்டு துண்டுகள் கேட்கும். மொழி, நீளம் பற்றிய விதியைப் பள்ளியிடமே கேளுங்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்றால் ஆங்கிலத் துண்டு ஒன்று கட்டாயம் தயாராக இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்குத் தமிழில் சுமார் 180 சொல். அதற்கு மேல் என்றால் வெட்டுங்கள்.

கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை எடுக்கப் பலருக்கும் ஆசை வரும். முதல் வரியிலேயே உச்சக் குரலுக்குப் போய்விட்டால் மேலே ஏற இடமில்லை. உங்கள் வயதுக்கு நெருக்கமான, பேச்சுத் தமிழில் உள்ள பாத்திரம் முதல் துண்டுக்கு நல்லது. துண்டை மட்டும் படிக்காமல் நாடகம் முழுவதையும் படியுங்கள்.

பிரதியின் ஓரத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: யாரிடம் பேசுகிறேன், அவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு வினைச்சொல்: கெஞ்சு, சீண்டு, மிரட்டு, சமாதானப்படுத்து. "சோகமாக" என்று எழுதாதீர்கள். சோகத்தை நடிக்கப் போனால் முகம்தான் கோணும். கெஞ்சுவதற்கு எதிரே ஆள் வேண்டும், அங்கே நடிப்பு தொடங்கும்.

மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கமே வேண்டாம். பாத்திரம் கழுவிக்கொண்டே, கடைத்தெருவில் விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொல்லுங்கள். ராகத்தோடு மனத்தில் ஏறிய வரியைப் பிறகு அசைக்க முடியாது. தேர்வாளர் "இதையே ஒரு ரகசியம்போலச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். வாயில் பழைய பாட்டே வந்தால், சொன்னதைக் கேட்டு மாறக்கூடியவர் என்று உங்களைப் பார்க்க முடியாது.

5. கடைசி ஆறு வாரம்

வாரம் ஒருமுறை, உங்களை அதிகம் தெரியாத மூன்று பேர் முன்னால் செய்து காட்டுங்கள். முடிந்ததும் அவர்கள் ஆளுக்கொரு புதுக் கட்டளை தரட்டும்: சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில், பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில். அம்மா அப்பா வேண்டாம், அவர்கள் கைதட்டிவிடுவார்கள்.

வரி மறந்தால் "சாரி" சொல்லாதீர்கள். மூச்சை விட்டு, பாத்திரம் யாரிடம் பேசுகிறதோ அந்த ஆளையே பார்த்து, முந்தைய வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.