ஸ்கேன் டூல் வாங்கும் முன் பழைய பில்களைப் புரட்டுங்கள்

ஸ்கேன் டூல் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) வாங்கும்போது பெட்டியில் எத்தனை பிராண்டு போட்டிருக்கிறது என்று பார்க்காமல், உங்கள் பட்டறைக்கு அதிகம் வரும் வண்டிகளின் மாடல், வருடம், செய்யும் வேலை மூன்றையும் பழைய பில்களிலிருந்து எழுதி, கருவியின் கவரேஜ் பட்டியலில் (எந்த வண்டியில் எந்த வேலை செய்யும் என்ற பட்டியல்) ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பல கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவான ஓபிடி-2 தரம் முக்கியமாக எஞ்சின், புகை சம்பந்தப்பட்ட ஃபால்ட் கோட்களோடு (கோளாறைக் காட்டும் குறியீடுகள்) நின்றுவிடும். ஏபிஎஸ் பிளீடிங் (பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது), ஏர்பேக், ஸ்டீயரிங் ஆங்கிள் ரீசெட் (ஸ்டீயரிங் கோண சென்சாரைத் திரும்பச் சரிசெய்வது) எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, "சப்போர்ட் உண்டு" என்பது சில கருவிகளில் கோட் படிப்பது மட்டும்தான். அப்புறம், அப்டேட் சந்தா முடிந்தபின் கருவி ஓடுமா என்றும் கேளுங்கள், பின்னால் கையைக் கடிப்பது அதுதான். செக் எஞ்சின் விளக்கு மட்டும் பார்ப்பவருக்கு இவ்வளவு அலசல் வேண்டாம், சாதாரண கோட் ரீடரே போதும். ஒரே பிராண்டு வண்டிதான் என்றால் அந்தக் கம்பெனியின் சொந்த மென்பொருளை முதலில் பாருங்கள்.